சன்னலின் ஆயுள்

காற்று வரும் வழியைப் பண்டைத் தமிழர் காலதர் என்றனர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. சிலப்பதிகாரத்தில் வரும் சொல் அது. பல கண்களை உடையது என்னும் பொருளில் பலகணி என்ற பெயரும் உண்டு. இன்று நம் வாயில் வழங்கும் சன்னல் என்பதோ இவ்விரண்டோடும் உறவில்லாதது. போர்த்துக்கீசியரின் ஜனெலாவிலிருந்து பிறந்தது. அதே சொல்லை மலாய் மொழியும் ஏற்று ஜெண்டேலா என்று வழங்குகிறது. கடலின் இரு கரையிலும் ஒரே அந்நியச் சொல் குடியேறியிருப்பது வியப்பே. ஆயினும் மலாய்க்காரர் திங்காப் என்ற தம் பழஞ்சொல்லையும் கைவிடவில்லை. நம் காலதர் ஏட்டுக்குள் ஒடுங்கிவிட்டது.

சொல் மாறியதைப் போலவே பொருளும் மாறியது. பலகை போய் இரும்பு வந்தது. இரும்பு போய் அலுமினியம் வந்தது. இப்போது பிளாஸ்டிக் வந்து வாசலில் நிற்கிறது. கிள்ளான் பள்ளத்தாக்கின் தாமான்களில் பழைய வீட்டைப் புதுப்பிக்க முனையும் குடும்பங்கள் கேட்கும் கேள்வி இதுதான்: அலுமினியச் சன்னல் நீண்ட நாள் உழைக்குமா, பிளாஸ்டிக் சன்னல் உழைக்குமா? கேள்வி சிறிதாகத் தோன்றலாம். ஆனால், தோட்டத்தை விட்டு வெளியேறிய பெற்றோரின் பிள்ளைகள், ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து வாங்கிய வீடு அது. ஒரு தலைமுறையில் இருமுறை சன்னல் மாற்றுவது அத்தகைய குடும்பத்துக்குச் சிறு செலவன்று. விற்பனைத்தாள் இத்தனை ஆண்டு என்று ஓர் எண்ணைச் சொல்லி முடித்துவிடுகிறது. அந்த எண் எந்த நாட்டு வெயிலில் பிறந்தது என்று அது சொல்வதில்லை.

இக்கேள்வியை ஆராயச் சுங்கை பூலோவை விடப் பொருத்தமான இடம் மலேசியாவில் இல்லை என்பது என் கருத்து. மூங்கில் ஆறு என்று பொருள்படும் இவ்வூரை ஒருசாரார் 1930இல் அமைந்த தொழுநோயாளர் குடியிருப்பால் அறிவர். டாக்டர் டிராவர்ஸ் என்பாரின் முயற்சியால் எழுந்த அது, நோயாளிகளைக் கொட்டடியில் அடைக்காமல் தோட்டநகர் போன்ற சூழலில் சிறு சிறு வீடுகளில் குடிவைத்தது. மற்றொருசாரார் இவ்வூரை நாற்றுப் பண்ணைகளாலும் மரச்சாமான் கடைகளாலும் அறிவர். ஆனால் நம் பொருளுக்கு உரியது மூன்றாவதொன்று. 1925இல் நிறுவப்பெற்ற மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தன் சோதனைத் தோட்டத்தை வைத்திருந்தது இங்கேதான். ரப்பரும் பிளாஸ்டிக்கும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. ஒன்றின் மூப்பை அறிந்தவர்க்கு மற்றதன் மூப்பு புதிதன்று. அதனைப் பின்னர்க் காண்போம். முதலில் இப்பள்ளத்தாக்கில் சன்னல் நடந்துவந்த வழியைப் பார்க்கவேண்டும்.

பழைய கோலாலம்பூர் அத்தாப்புக் கூரையும் பலகைச் சுவருமாக இருந்த ஊர். 1881ஆம் ஆண்டு தொடக்கத்தில் தீயும், அதே ஆண்டு இறுதியில் வெள்ளமும் அதனை அழித்தன. அதன்பின் ரெசிடென்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லும் ஓடும் கொண்டே கட்டவேண்டும் என்ற விதியைக் கொணர்ந்தார். செங்கல் அறுத்த இடமே பிரிக்பீல்ட்ஸ் ஆயிற்று. சுவர் கல்லாயிற்று, ஆனால் சன்னல் மரமாகவே இருந்தது. சாய்ந்த சிறு பலகைகளை வரிசையாகக் கோத்த கதவுகள், மழையைத் தடுத்துக் காற்றை விட்டன. இரயில்வே ஊழியர் குடியிருப்புகளிலும் கடைவீடுகளின் மாடிகளிலும் அவையே இருந்தன. தோட்ட லயங்களிலோ அந்த வேலைப்பாடும் இல்லை. ஒரு பலகைக் கதவு. அதனைத் திறந்தால் வெளிச்சம், மூடினால் இருட்டு. கண்ணாடி என்ற பேச்சே அங்கில்லை.

மரச்சன்னல் விரைவில் மக்கிவிடும் என்று இன்று பலர் எண்ணுகின்றனர். அது மரத்தைப் பொறுத்தது. செங்ஙால் என்று மலாய்மொழியில் வழங்கும் வைரமரம் கறையானுக்கும் மழைக்கும் எளிதில் இணங்காது; பல தலைமுறைகளைக் கண்டது. வைரமரம் அரிதாகி விலை ஏறியபின், மெராந்தி போன்ற இலேசான மரங்களில் சன்னல் செய்தபோதுதான் கறையான் கதை பெரிதாயிற்று. ஆக, மரம் தோற்றது என்பதைவிட, நல்ல மரம் வாங்கும் ஆற்றலை நாம் இழந்தோம் என்பதே சரி.

1930களில் இங்கிலாந்தின் எஃகுச் சன்னல்கள் வந்தன. மெல்லிய சட்டம், நிறையக் கண்ணாடி, புதுமைத் தோற்றம் என்பவற்றால் நகரத்துக் கட்டடக் கலைஞர்கள் அவற்றை விரும்பினர். வண்ணம் உரிந்த இடத்தில் துரு ஏறியது. துரு, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பது. ஆதலின் அது சட்டத்தை உப்பச் செய்து கண்ணாடியைப் பிளந்தது, சுவர்ப் பூச்சையும் பெயர்த்தது. துத்தநாக முலாம் பொதுவழக்கானபின் நிலை திருந்தியது. ஆனால் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டர் அளவு மழை பெய்யும் ஊரில், தொடர்ந்து வண்ணம் பூசும் பொறுமை எத்தனை வீட்டாருக்கு உண்டு?

பிறகு வந்ததே நம்மவர் நாக்கோ என்று வழங்கும் கண்ணாடிப் பட்டைச் சன்னல். 1952இல் தொடங்கிய பெட்டாலிங் ஜெயாவிலும், அதன்பின் எழுந்த எண்ணற்ற தாமான்களிலும் அரசு குவார்ட்டர்ஸ்களிலும் பள்ளிக்கூடங்களிலும் அஃது ஆட்சி புரிந்தது. மரப்பலகையைச் சாய்த்த பழைய கருத்தே அதில் கண்ணாடியாக மறுபிறவி எடுத்தது. ஒரு நெம்புகோலைத் தள்ளினால் பட்டைகள் எல்லாம் படுத்துக்கொள்ளும். சன்னலின் முழுப்பரப்பும் காற்றுக்கு வழிவிடும். ஒரு பட்டை உடைந்தால் அதை மட்டும் கடையில் அறுத்து வாங்கிச் செருகிக்கொள்ளலாம். நம் தட்பவெப்பத்தை இத்துணை உணர்ந்த சன்னல் பிறகு வரவில்லை என்றே சொல்வேன். அது ஏன் மறைந்தது? மூப்பால் அன்று. பட்டையை ஓசையின்றி உருவி எடுத்துத் திருடன் உள்ளே புகுந்தான். அவனுக்காக இரும்புக் கம்பி போட்டோம். கொசு வந்தது, வலை அடித்தோம். இறுதியில் குளிர்சாதனம் வந்தது. இடுக்கெல்லாம் காற்றுவிடும் சன்னல் அதனோடு வாழ இயலாது. நாற்பது ஐம்பது ஆண்டு உழைத்து, இன்னும் உழைக்கக்கூடிய நாக்கோச் சன்னல்கள் கழற்றி எறியப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த அலுமினிய இழுப்புச் சன்னல், எத்துணை இழுத்தாலும் பாதிக்குமேல் திறவாது!

ஆதலின் ஒரு பொருளின் ஆயுள் வேறு, அதனால் செய்த சன்னலின் ஆயுள் வேறு என்பதை முதலில் மனங்கொள்ளவேண்டும். இனி அலுமினியத்தைப் பார்ப்போம்.

உலோகங்களுள் இது குழந்தை. 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்சார முறையைக் கண்டபின்னரே இது மலிவாயிற்று. அதற்கு ஈராண்டு முன், 1884இல், வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் இதனால் ஒரு சிறு கூம்பு செய்து வைத்தபோது, இஃது அரும்பொருளாகவே மதிக்கப்பட்டது. குழந்தையாயினும் இதன் உழைப்புக்குச் சான்றுகள் உள. இலண்டன் பிக்காடில்லியில் 1893இல் திறந்த சிறகுடைய அலுமினியச் சிலை புகையிலும் மழையிலும் இன்றும் நிற்கிறது. அதனை ஊறுபடுத்தியவர் மனிதரேயன்றி வானிலையன்று. உரோமாபுரியில் 1898இல் முடிந்த சான் ஜோவாக்கினோ ஆலயத்தின் குவிமாடம் அலுமினியத் தகடு போர்த்தது. நூறாண்டு கடந்தும் அத்தகடு நிலைத்திருப்பதைக் கட்டட உலகம் சான்றாகக் காட்டுகிறது.

இதன் இரகசியம் யாதெனில், காற்றுப் பட்டவுடன் இவ்வுலோகத்தின் மேல் ஒரு மெல்லிய ஆக்சைடுத் தோல் படிகிறது. இரும்பின் துருவைப்போல் அது உதிர்வதில்லை; ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறினாலும் மீண்டும் படியும். கடல் விமானங்களின் உறுப்புகளை உப்பினின்றும் காக்க, 1923இல் பிரிட்டனில் இத்தோலை மின்சாரத்தால் தடிமனாக்கும் முறையைக் கண்டனர். இதனையே அனோடைசிங் என்கிறோம். இயற்கைத் தோல் ஒரு மில்லிமீட்டரின் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நன்கு அனோடைஸ் செய்த சட்டத்தில் அது 25 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரின் நாற்பதில் ஒரு பங்கு. கடற்காற்றோ ஆலைப்புகையோ உள்ள இடத்துக்கு இத்தடிமன் வேண்டும். விலை குறைந்த சன்னலில் 10 மைக்ரானோடு நிறுத்திவிடுவதும் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. பத்தாண்டு சென்றபின்தான் வேறுபாடு புள்ளி புள்ளியாகத் தெரியும்.

அலுமினியத்துக்கும் பகைவர் உளர். உப்பு ஒன்று, கிள்ளான் துறைமுகத்தை அடுத்த வீடுகளுக்கு இஃது உண்மையான அச்சம். ஈரச் சிமெந்து மற்றொன்று. சிமெந்தின் காரம் அந்தக் காப்புத் தோலைக் கரைத்துவிடும். கொத்துவேலையின்போது தெறித்த சாந்தை உடனே துடைக்காவிட்டால் அவ்வடு ஆயுள்வடுவாகும். மூன்றாவது, தவறான திருகாணி. ஈரமான இடத்தில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அங்கே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, இரண்டில் எளியது அரிக்கப்படும். மலிவான முலாம் பூசிய எஃகுத் திருகாணியோ, முலாம் போனதும் துருப்பிடித்து இறுகிவிடும். பிறகு கீலை மாற்றவும் இயலாது.

வேறொன்றையும் கவனிக்கவேண்டும். இன்று கடைகளில் வெள்ளையாகவும் கறுப்பாகவும் மின்னும் அலுமினியச் சட்டங்களிற் பெரும்பாலானவை அனோடைஸ் செய்தவை அல்ல. பாலியெஸ்டர்ப் பொடியைத் தூவிச் சூட்டில் உருக்கிப் படியவைத்த மேற்பூச்சு உடையவை. பாலியெஸ்டர் பிளாஸ்டிக்கே. எனவே பிளாஸ்டிக் வேண்டாம் என்று அலுமினியத்தை வாங்குகிறவர், பிளாஸ்டிக் சட்டை போட்ட அலுமினியத்தையே வாங்குகிறார். உடல் நிலைத்தாலும் சட்டை வெளுக்கும். அச்சட்டை எத்தனை ஆண்டு மங்காமல் இருக்கும் என்பது வெயிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள வழக்கு.

அந்த வழக்கைப் புரிந்துகொள்ளவே சுங்கை பூலோவுக்குத் திரும்பவேண்டும். ரப்பர் என்பது நீண்ட சங்கிலி போன்ற அணுக்கோவை. வெயிலும் பிராணவாயுவும் ஓசோனும் அச்சங்கிலியைத் துண்டிக்கும். கண்ணாடிப் பேழையில் வைத்த ரப்பர் பட்டையும் சில ஆண்டுகளில் பிசுபிசுத்தோ வெடித்தோ போவதை யார்தான் கண்டதில்லை? ஆனால் தடித்த ரப்பரின் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் மெல்பர்ன் நகர இரயில் பாலமொன்றில் 1889இல் வைத்த ரப்பர் மெத்தைகளை ஏறத்தாழ நூறாண்டு சென்று ஆராய்ந்தபோது, மேலே ஒரு மில்லிமீட்டர் அளவே மூப்படைந்திருந்தது. உள்ளே ரப்பர் நலமாகவே இருந்தது. இவ்வினப் பொருள்களின் மூப்பு தோலில் தொடங்குவது. தோலைக் காக்க என்ன சேர்த்தார்கள் என்பதில்தான் அவற்றின் விதி இருக்கிறது.

சன்னல் செய்யும் பிளாஸ்டிக்கான பி.வி.சி.யும் இவ்விதிக்கு உட்பட்டதே. 1872இல் ஜெர்மானிய இரசாயனர் ஓய்கன் பவுமன், கண்ணாடிக் குழாயில் அடைத்த வினைல் குளோரைடு வாயு வெயிலில் கிடந்து வெண்ணிறத் திடப்பொருளாக மாறியதைக் கண்டார். வெயிலில் பிறந்த பொருளுக்கு வெயிலே எமன் ஆனது விந்தை. 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் என்ற ரப்பர்க் கம்பெனியில் வால்டோ செமன் என்பவர் ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசை தேடியபோது இதனை இளக்கும் வழியைக் கண்டார். 1950களின் நடுவில் மேற்கு ஜெர்மனியில் இதனால் சன்னல் செய்யத் தொடங்கினர். குளிர்நாட்டார்க்கு இதில் பெரிய நலன் இருந்தது. அலுமினியம் வெப்பத்தை விரைவில் கடத்தும். அறையின் சூட்டைப் பனிக்குக் கொடுத்துவிடும். பி.வி.சி. அதனினும் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கே கடத்தும். எரிபொருட் செலவை மிச்சப்படுத்தவே ஐரோப்பா இதற்கு மாறிற்று. ஆயுளுக்காக அன்று.

இப்பொருளின் எடையில் பாதிக்குமேல் குளோரின். சூட்டிலும் வெயிலிலும் அது ஹைட்ரஜன் குளோரைடாகக் கழன்று வெளியேறும். ஒரு கண்ணி கழன்றால் அடுத்ததும் கழலும். வெண்மை மஞ்சளாகும், மஞ்சள் பழுப்பாகும், பின் நொறுங்கும். இதனைத் தடுக்க இரண்டு பொருள்களைக் கலக்கின்றனர். ஒன்று நிலைப்பி. முன்னாளில் காரீய உப்புகளைச் சேர்த்தனர். ஐரோப்பிய உற்பத்தியாளர் 2015ஆம் ஆண்டு இறுதிக்குள் அதனை விட்டுவிட்டனர். இப்போது கால்சியம், துத்தநாகம் ஆகியவற்றின் சேர்மங்களையும், அமெரிக்காவில் வெள்ளீயச் சேர்மங்களையும் பயன்படுத்துகின்றனர். மற்றொன்று வெயிலை மறைக்கும் வெண்பொடியாகிய டைட்டானியம் டையாக்சைடு. சிலாங்கூர் ஈயச் சுரங்கங்களில் வெள்ளீயத்தைப் பிரித்தபின் ஒதுக்கிய அமாங் என்ற கருமணலில் டைட்டானியத் தாதுவும் உண்டு. பிளாஸ்டிக்கைக் காக்கும் ஈயமும் டைட்டானியமும் நம் மண்ணின் பழைய பொருள்களே!

கலவையில் எவ்வளவு சேர்ப்பது? இங்குதான் சிக்கல். பி.வி.சி. சன்னற் சட்டங்களுக்கான ஐரோப்பியத் தரநூல் நாடுகளை மிதமான தட்பவெப்பம், கடுமையான தட்பவெப்பம் என்று இருவகையாகப் பிரிக்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஆண்டுக்கு 5 கிகாஜூலுக்கு மேல் வெயில் விழுந்தாலோ, மிக வெப்பமான மாதத்தின் சராசரி வெப்பம் 22 பாகைக்கு மேற்பட்டாலோ அது கடுமையான நாடு. இலண்டனில் விழுவது 4 கிகாஜூலுக்கும் குறைவு. கோலாலம்பூரில் அது 5ஐத் தாண்டுகிறது. சராசரி வெப்பமோ ஆண்டு முழுவதும் அந்த 22 பாகையை மீறியே நிற்கிறது. இரு அளவையாலும் நாம் கடுமையான பிரிவே. மிதமான நாட்டுக்கென வார்த்த சட்டத்தை இங்கே கொணர்ந்து மாட்டினால், அதன் விற்பனைத்தாளில் உள்ள ஆண்டுக்கணக்கு இவ்வெயிலுக்குப் பொருந்தாது. சட்டத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் வீட்டுக்காரரால் இந்த வேறுபாட்டைக் காணமுடியாது. அலுமினியத்தின் குறை மேற்பூச்சில். பிளாஸ்டிக்கின் குறை உடம்பு முழுவதும் பரவிய கலவையில்.

சூட்டால் நீளுவதும் ஒரு கணக்கு. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள அலுமினியச் சட்டம் 30 பாகைச் சூடேறினால் ஒரு மில்லிமீட்டர் அளவே நீளும், பி.வி.சி. மூன்று மில்லிமீட்டர் நீளும். காலை மழை, நண்பகல் வெயில், மாலை இடி என்று நாள்தோறும் நீண்டு சுருங்கும் சட்டத்தில் பூட்டு பொருந்தாமற் போவதற்கு இது போதும். கறுப்பு, அடர்பழுப்பு நிறங்களில் சூடு இன்னும் ஏறும். வளையாதிருக்க உள்ளே எஃகுக் குழல் வைக்கின்றனர். அக்குழலுக்கு முலாம் இல்லையேல் பழைய துருக்கதை மறைவில் மீண்டும் தொடங்கும்.

ஆண்டுக்கணக்கு கேட்போருக்கு ஒன்று சொல்லலாம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எடின்பரோ நகரின் நேப்பியர் பல்கலைக்கழகத்தார், வீட்டுவசதிச் சங்கத்தார் முதலியோரைக் கேட்டு ஓர் ஆய்வு நடத்தினர். அலுமினியச் சன்னலுக்குச் சுமார் 44 ஆண்டும், மரத்துக்குச் சுமார் 40 ஆண்டும், பி.வி.சி.க்குச் சுமார் 24 ஆண்டும் என்று விடை வந்தது. இவ்வெண்களை எங்கும் எடுத்தாள்கின்றனர். ஆனால் இவை சோதனைச்சாலையில் அளந்தவை அல்ல. சன்னல்களைப் பேணுவோரின் மதிப்பீடு. அக்காலத்து பி.வி.சி.யில் பழைய கலவைகள் பல. ஜெர்மனியில் நாற்பதாண்டு கண்ட நல்ல பிளாஸ்டிக் சன்னல்களும் உண்டு. எனினும் இரண்டுக்கும் உள்ள இடைவெளி நம் வெயிலில் சுருங்குமென்று எண்ண ஒரு காரணமும் இல்லை.

பிளாஸ்டிக்கை முற்றும் பழிப்பது முறையன்று. குளியலறையில் ஐந்தாண்டில் உடைந்துபோகும் மெல்லிய மடக்குக் கதவைக் கண்டு, பி.வி.சி. எல்லாம் அப்படியே என்று பலர் முடிவு செய்கின்றனர். அது தடிப்பும் கலவையும் குறைந்த பொருள்; சன்னற் சட்டத்தோடு ஒப்பிடலாகாது. உப்புக்காற்று அடிக்கும் கடலோர வீட்டுக்கும், இரைச்சல் மிகுந்த சாலையை அடுத்த வீட்டுக்கும், கடுமையான தட்பவெப்பத்துக்கென வார்த்த வெண்ணிற பி.வி.சி. நல்ல தேர்வே. மற்ற இடங்களில் நான் அலுமினியத்தின் பக்கமே நிற்பேன். காரணம் உலோகத்தின் வலிமை மட்டுமன்று. அலுமினியச் சட்டத்தின் மூலைகளைப் பெரும்பாலும் திருகாணியால் இணைக்கிறார்கள். கழற்றலாம், உருளையை மாற்றலாம், கண்ணாடியை மாற்றலாம். பி.வி.சி.யின் மூலைகளை உருக்கி ஒட்டுகிறார்கள். மூலை வெடித்தால் சட்டமே போயிற்று. மேலும், கழற்றிய அலுமினியத்தைப் பழைய சாமான்காரர் நிறுத்து எடுத்துக் காசு தருவார். மீண்டும் உருக்க, தாதுவிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் இருபதில் ஒரு பங்கே ஆகும்.

அந்த முதல் மின்சாரமும் தாதுவும் எங்கிருந்து வருகின்றன என்பதையும் மறக்கலாகாது. கிள்ளான் காப்பார் சாலையில் ஆலை வைத்த பிரஸ் மெட்டல் நிறுவனம் 2009இல் சரவாக்கின் மூக்காவில் உருக்காலை தொடங்கியது. ஒரு கிலோ உலோகத்துக்குப் பதின்மூன்று யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் வேண்டும். 2014, 2015ஆம் ஆண்டுகளில் குவாந்தான் சுற்றுவட்டாரத்தில் அலுமினியத் தாதுவாகிய பாக்சைட்டை அளவின்றித் தோண்டியபோது சாலையும் வீடும் கடலும் செம்மண்ணாயின. 2016 ஜனவரியில் அரசு தடை விதிக்க நேர்ந்தது. நீடித்த ஆயுளுக்கும் யாரோ விலை தருகின்றனர்.

சன்னல் வாங்குவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்கவேண்டியது சட்டத்தைப் பற்றியே அன்று. சட்டம் சாகுமுன் மற்றவை சாகின்றன. உருளை தேய்கிறது, கீல் இறுகுகிறது, கண்ணாடியைச் சூழ்ந்த கறுப்பு ரப்பர்ப் பட்டை சுருங்கி மழைக்கு வழிவிடுகிறது. கீலும் திருகாணியும் துருவேறா எஃகா, உருளை தனியே கிடைக்குமா, அனோடைசிங் எத்தனை மைக்ரான், பொடிப்பூச்சாயின் அது வெளிப்புறத்துக்கு உரியதா, பி.வி.சி. ஆயின் எந்தத் தட்பவெப்பப் பிரிவுக்கு வார்த்தது, உள்ளிருக்கும் எஃகுக்கு முலாம் உண்டா? இவற்றை எழுத்தில் பெறவேண்டும்.

அந்தக் கறுப்புப் பட்டை எதனால் ஆனது தெரியுமா? நம் பால்மரத்து ரப்பரால் அன்று. இயற்கை ரப்பரின் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் உண்டு. ஓசோன் அவற்றைத் தாக்கி வெடிக்கச் செய்யும். அத்தகைய பிணைப்பு தன் முதற்சங்கிலியில் இல்லாத ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரே வெயிலில் நிற்கும் சன்னலுக்கு உகந்தது. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சுங்கை பூலோ நிலத்தில் ஏறத்தாழ 2,330 ஏக்கர் ஊழியர் சேமநிதி வாரியத்தின் துணை நிறுவனத்துக்கு மாறி, குவாசா டாமன்சாரா என்ற புதுநகராகி வருகிறது. 2016 டிசம்பரில் பெருவிரைவு இரயிலும் அங்கே ஓடத் தொடங்கியது. பால் வெட்டிய நிரைகளில் அடுக்குமாடிகள் எழுகின்றன. அவற்றின் ஆயிரக்கணக்கான சன்னல்களில் கண்ணாடியைப் பற்றியிருப்பது எண்ணெயிலிருந்து எடுத்த ரப்பர்.